மார்போடு அணைத்தால் சிசுவின் வலி ஏன் தணிகிறது?

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டிக்குக் காத்து நின்று, சென்னை ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியை அடையும் தாய்க்குப் பிறக்கும் குழந்தை, உலகைக் கண்டவுடனேயே பி.சி.ஜி., ஹெபடைடிஸ்-பி, வைட்டமின் கே என ஊசிகளைச் சகிக்க வேண்டியிருக்கிறது. சிசுவுக்கு வலி தெரியாதென்று வைத்தியர்களே நெடுங்காலம் நம்பினார்கள். இந்தூரில் மருத்துவம் பயின்ற கன்வல்ஜீத் சிங் ஆனந்தின் 1987-ஆம் ஆண்டு ஆராய்ச்சி அந்த விபரீத நம்பிக்கையை அசைத்தது.

2000-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 30 சிசுக்களுக்குக் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தபோது, தாயின் வெற்று மார்பில் ஒட்டிக் கிடந்தவை தொட்டிலில் கிடந்தவற்றைவிட 82 சதவீதம் குறைவாகவே அழுதன. மென்மையான ஸ்பரிசத்தை உணரவென்றே தோலில் உள்ள நரம்பிழைகளின் செய்தியும், தாயின் உஷ்ணமும், மணமும், கர்ப்பத்திலேயே கேட்டுப் பழகிய இருதயத் துடிப்பும் ஒருசேர மூளையை எட்டுவதால், வலியின் உக்கிரம் அமுங்குகிறது என்பது விஞ்ஞானிகளின் கருத்து.

குத்திய பிறகு வாரி அணைப்பது நம் வழக்கம். அது பிந்திய சமாதானந்தான். ஊசிக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் முன்பே, அரைத்துணி மட்டும் கட்டிய குழந்தையை மார்பில் நிமிர்த்திச் சாய்த்து, முதுகைப் போர்த்திவிட வேண்டும். தகப்பன் மார்பும் உதவும். அடுத்த ஊசியின்போது, மார்பிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று நர்ஸம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.