உங்களுக்குத் தெரியுமா? ‘டக்’கென்று குத்தினால் ஊரே தெரியும்!

கடிதத்தின் மேல் கறுப்பு வட்டமாக ஒரு முத்திரை குத்துகிறார்களே, அதைச் சேர்ப்பதற்கென்றே ரயில் ஏறி ஊர் ஊராகப் போகிறவர்கள் ஜப்பானில் இருக்கிறார்கள்!

சாதா முத்திரை இல்லை, பட முத்திரை! பெயர் ‘ஃபூகேயின்’. ஃபூகே என்றால் காட்சி, இன் என்றால் முத்திரை. கோட்டை, கோயில், பாலம், மலை, ஊர்த் திருவிழா... அந்த ஊர் எதைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொள்கிறதோ, அது அந்த முத்திரைக்குள்! கூடவே தேதி, அஞ்சலகத்தின் பெயர். இத்தனையும் பெரும்பாலும் 36 மில்லிமீட்டர் வட்டத்துக்குள். நம் பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது!

எத்தனை அஞ்சலகங்களில் கிடைக்கும்? மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். 11,000-க்கும் மேல்! நாட்டில் மொத்த அஞ்சலகங்களே சுமார் 24,000தான். தினம் ஒன்று என்று லீவே போடாமல் சுற்றினாலும் முடிக்க 30 வருஷம்!

முதல் முத்திரை எந்த ஊருக்கு? சந்தேகமே வேண்டாம், ஃபூஜி மலைக்குத்தான்! நாள்: 1931 ஜூலை 10. 3,776 மீட்டர் உயர மலை. அதன் உச்சியில் இன்றும் ஓர் அஞ்சலகம் உண்டு. கோடையில் மட்டும்தான் திறப்பார்கள். முத்திரை வேண்டுமா? ஏறுங்கள்!

போர் வந்தது, படம் போனது. 1940-இல் நிறுத்தினார்கள். 1948-இல் திரும்பவும் குத்தத் தொடங்கினார்கள்!

வழக்கமான முத்திரை கறுப்பு. பட முத்திரை மட்டும் செம்பழுப்பு. அந்த நிறத்துக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர்: பருந்து நிறம்!

செலவு? முத்திரைக்கு ஒரு காசு கிடையாது. ஆனால் தபால் தலை ஒட்டியிருக்க வேண்டும், அதுவும் அஞ்சலட்டைக் கட்டணத்துக்குக் குறையாமல். 2024 அக்டோபரிலிருந்து அது 85 யென். அனுப்பக்கூட வேண்டாம், குத்திக் கையிலேயே கொடுத்துவிடுவார்கள்! நேரில் போக முடியாதவர்கள் தபாலிலேயே அனுப்பி, குத்தி வாங்குகிறார்கள். சோம்பேறிகளுக்கும் வழி உண்டு!

அதே 1931-இல் இன்னொரு கூத்து. மே மாதம் ஃபுகுயி ரயில் நிலையத்தில் பயணிகளுக்காக ஒரு நினைவு முத்திரை வைத்தார்கள். அஞ்சலகத்தை இரண்டு மாதம் முந்திக்கொண்டது ரயில்வே!

நம் நாட்டிலும் உண்டு சார்! நிரந்தரப் பட முத்திரை என்பார்கள். சேகரிப்பவர்கள் சுருக்கமாகச் சொல்வது பிபிசி. தமிழில் எழுதினால் லண்டன் பிபிசியும் இதுவும் ஒன்றுதான்! தாஜ்மகாலுக்கு ஒன்று, கொனார்க்குக்கு ஒன்று. நம் மாமல்லபுரத்துக்கும் உண்டு!

ஸ்ரீநகர் தால் ஏரியில் ஓர் அஞ்சலகம் மிதக்கிறது. நிஜமாகவே படகுவீட்டில்! 2011-இல் திறந்தார்கள். அங்கே குத்தும் முத்திரையில் ஷிகாரா படகும் படகோட்டியும்!

உலகத்தின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் பறந்தது எங்கே? லண்டனில் இல்லை, பாரிஸில் இல்லை. நம் அலகாபாத்தில்! 1911 பிப்ரவரி 18. யமுனையைத் தாண்டி நைனிக்கு. சுமார் 10 கிலோமீட்டர், 13 நிமிடம்! அதற்கென்றே செய்த முத்திரையில் ஒரு விமானம், கீழே மலைகள். அலகாபாத்தில் ஏது மலை என்று என்னைக் கேட்காதீர்கள்!

தேதி முத்திரைக்கே தாத்தா யார்? இங்கிலாந்தின் ஹென்றி பிஷப், 1661. கடிதம் தாமதம் என்று ஊரே புலம்பியது. எந்தத் தேதியில் வந்தது என்று குத்திவிடுகிறேன், அப்புறம் எவனும் கடிதத்தைப் பிடித்து வைக்க முடியாது என்றார் மனிதர். சின்ன வட்டம், நடுவில் ஒரு கோடு, மாதம், நாள், அவ்வளவுதான். வருஷம் போட மறந்தாரோ என்னவோ, போடவே இல்லை!

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம். ‘மேக்சிமம் கார்டு’க்கு மூன்றே பொருத்தம்: பொருள், இடம், காலம்! படம் போட்ட அட்டை, அதே காட்சியுள்ள தபால் தலை, அதே இடத்து முத்திரை. தலையை ஒட்ட வேண்டியது முகவரிப் பக்கத்தில் அல்ல, படத்தின் மேலேயே! மூன்றும் கூடிவந்தால் சேகரிப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மாப்பிள்ளை தோற்றான்!

அடுத்த முறை மாமல்லபுரம் போகிறீர்களா? தலை ஒட்டிய அட்டை ஒன்றை எடுத்துப் போங்கள். பாதி தலை மேல், பாதி அட்டை மேல் விழும்படி குத்தச் சொல்லிக் கேளுங்கள். முக்கியமாக, மை காயும்வரை சட்டைப்பையில் வைக்காதீர்கள். என் வெள்ளைச் சட்டை சாட்சி!