சட்டம் சேர்க்காத சமையற்காரி

ஒரு வீட்டில் சமையற்காரிக்குச் சம்பளம் உயர்ந்தால், அடுத்த வீட்டிலும் உயர்த்தத்தான் வேண்டியிருக்கிறது. குடும்பம் நடத்தும் பெண்மணிகள் நன்கறிந்த விஷயம் இது. அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்துப் பள்ளிக்கூடங்களும் இப்பாடத்தைப் படிக்க நேர்ந்தது.

2023-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், கவர்னர் காவின் நியூஸம் அங்கே ஒரு கூலிச் சட்டத்தில் கையொப்பமிட்டார். நாடெங்கும் 60 கிளைகளுக்குக் குறையாமல் நடத்தும் துரித உணவுச் சாலைகள், 2024 ஏப்ரல் 1-ந் தேதி முதல் தம் சிப்பந்திகளுக்கு மணிக்கு 20 டாலருக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்பது அச்சட்டம். ராஜ்யம் முழுமைக்கும் பொதுவாக அன்று அமலிலிருந்த குறைந்த கூலி 16 டாலர்தான்.

பள்ளிக்கூடச் சமையலறைச் சிப்பந்திகள் இச்சட்டத்தில் சேரவில்லை. ஆயினும் பலன் அவர்களைத் தொடாமலிருக்குமா? பள்ளியில் பெரும்பாலோருக்குச் சில மணி நேர வேலைதான். கோடை விடுமுறையில் அதுவும் இல்லை. எதிர்ச் சாரியில் அதிகக் கூலி கிடைக்குமானால், யார்தான் போகமாட்டார்கள்? ஆகவே, பள்ளி நிர்வாகங்களும் கூலியை உயர்த்தலாயின. சாக்ரமெண்டோ நகரப் பள்ளி நிர்வாகம் 2023 ஜூலையில் நூற்றுக்குப் பத்து வீதமும், 2024 ஜூலையில் மேலும் ஆறு வீதமும் உயர்த்த உடன்பட்டது.

உணவுச் சாலைக்காரர் பண்டத்தின் விலையை ஏற்றிச் சமாளிக்கலாம். பள்ளிக்கூடமோ அப்படிச் செய்ய இயலாது. 2022-ம் வருஷம் முதல் கலிபோர்னியாவின் பொதுப் பள்ளிகளில் ஏழை, பணக்காரர் என்ற பேதமின்றி எல்லாக் குழந்தைகளுக்கும் காலையுணவும் மதிய உணவும் இலவசம். அதற்காகச் சர்க்கார் தரும் பணமோ பரிமாறிய சாப்பாட்டின் எண்ணிக்கைப்படி வருகிறதேயன்றி, அந்தந்தப் பள்ளி கொடுக்கும் கூலியைப் பார்த்து வருவதில்லை. உணவு நிதியில் துண்டு விழுந்தால் பொது நிதியிலிருந்துதான் ஈடுகட்ட வேண்டும். உபாத்தியாயர் சம்பளத்துக்கும் புஸ்தகத்துக்கும் உரியதும் அந்தப் பொது நிதியே.

இதனால் கூலி உயர்வு தவறென்று நாம் சொல்ல வரவில்லை. நூற்றுக்கணக்கான குழந்தைகளின் பசியாற்றும் கை, தன் வீட்டு அடுப்புக்கு விறகு தேடித் தவிக்கலாகாது. உபாத்தியாயர்களாகிய நாம், நம் சம்பளத்துக்காக அவள் கூலியைக் குறையுங்கள் என்று கேட்பது தர்மமும் ஆகாது. ஆனால் வெறுங்கை முழம் போடுமா? குழந்தைக்குச் சோறும் தொழிலாளிக்கு நியாயமான கூலியும் விதிக்கும் சட்டசபை, இரண்டுக்குமான பணத்தையும் சேர்த்தே விதிக்க வேண்டும். இல்லையேல், சட்டத்தின் புண்ணியம் சட்டசபைக்கும் செலவு குழந்தையின் தட்டுக்குமாக முடியும்.