வேட்டொலியும் வல்லினமும்

சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் 1848இல் நுவரெலியாவிற் குடியேறினார். யானைக்குத் துவக்கெடுத்த அவர், மரைக்கு அதனை நாடினாரல்லர். வேட்டைநாய்களை ஏவி, அவை வளைத்து நிறுத்திய மரையைக் கத்தியாற் குத்தி வீழ்த்தினார். அவருக்கு அது வீர விளையாட்டு. மரைக்கு யாதென்று கேட்பாரில்லை. ஆயினும் அவ்வேட்டையில் ஒரு நன்மை இருந்தது. வேட்டுவன் செவி கெடவில்லை.

துவக்கெடுத்தோர் நிலை வேறு. துவக்கு வெடிக்குங்கால் ஈரோசைகள் எழுகின்றன. குழல்வாயில் வெப்பக்காற்றுச் சட்டென விரிதலால் உண்டாவது ஒன்று. ஒலியினும் விரைந்தோடும் குண்டு காற்றைக் கிழித்தலால் உண்டாவது மற்றொன்று. சைலன்சர் என்னும் கருவி முன்னதையே அடக்கும். குழல் முனையிற் பொருத்தப்படும் அவ்வுருளையினுள் தடுப்பறைகள் அடுக்கடுக்காக உள்ளன. காற்று அவற்றுட் சுழன்று, குளிர்ந்து, மெல்ல வெளிப்படும். குண்டின் ஓசையை அது யாதும் செய்யாது.

இதனை ஆக்கி 1909இல் உரிமம் பெற்றவர் அமெரிக்கரான ஹைரம் பெர்சி மாக்சிம். நம் மோட்டார் வண்டிகளின் புகைக்குழாய்ச் சைலன்சரும் இதற்கு உறவுடையதே. அவருடைய தந்தையார் யாரெனின், 1884இல் இயந்திரத் துப்பாக்கியைக் கண்ட ஹைரம் மாக்சிம். தாம் படைத்த துப்பாக்கியின் முழக்கத்தைப் பல்லாண்டு கேட்டுக் கேட்டே செவிடானவர் அவர். தந்தை முழக்கினார், மைந்தர் அடக்கினார்.

எவ்வளவு அடக்கினார் என்பதே வினா. வேட்டைத் துவக்கின் ஓசை ஏறத்தாழ 160 டெசிபல். செவிக்கு உடனே ஊறு செய்யும் எல்லை 140. சைலன்சர் குறைப்பது 20 முதல் 30 வரை. கழித்துப் பார்த்தால் எல்லையின் விளிம்பில் நிற்கிறோம். திரைப்படத்திற் கொலைஞன் துப்பாக்கி தும்மல்போல ஒலிப்பது பொய். சைலன்சர் பூட்டிய துவக்கை ஏந்துவோனும் காதடைப்பை விடலாகாது.

இன்று ஹோர்ட்டன் சமவெளி, 1988 முதலாக, தேசியப் பூங்கா. மரை சட்டத்தாற் காக்கப்படுவது. மலைநாட்டில் வேட்டொலி குறைந்தது. கேட்ட செவிகள் எஞ்சியிருக்கின்றன. அட்டனுக்கு அணித்தான ஒரு தோட்டத்தில், மரக்கறிப் பாத்திகளை உழும் காட்டுப்பன்றிகளை விரட்ட ஆண்டுகள் பல துவக்கேந்திய முதியவர் ஒருவரை யான் அறிவேன். காதுக்குப் பஞ்சும் வைத்தவரல்லர். வலத்தோளில் துவக்கைச் சார்த்துவோர்க்கு இடச்செவியே குழல்வாய்க்கு அண்மையது. அவருக்கும் அதுவே முதலிற் கெட்டது.

“கால்வலி எப்படி ஐயா?” என்றேன். “பால் விலை ஏறிப்போச்சுங்க வாத்தியாரய்யா” என்றார். சூழ நின்றோர் நகைத்தனர். எனக்கு நகை வரவில்லை. இலக்கணம் நினைவில் வந்தது.

உட்செவியில் நத்தையோடு போன்ற குழலினுள் நுண்ணிய மயிரணுக்கள் உள்ளன. பேரோசையாற் பெரிதும் முதலில் மடிவன உயர்ந்த சுருதியைப் பற்றும் அணுக்களே. மடிந்தவை மீள முளையா. நம் உயிரெழுத்துகளின் ஓசை பெரும்பாலும் தாழ்ந்த சுருதியது. ககர, சகர, தகர, பகரங்களைப் பிரித்துக் காட்டும் வெடிப்பும் உரசலும் உயர்ந்த சுருதியிலும் பரந்தவை. ஆகவே கெட்ட செவியில் உயிர் நிற்க, மெய் மறைகிறது. அம்மெய்யுள்ளும் வலிய ஓசையுடையதென்று நாம் பெயரிட்ட வல்லினமே முன்னர் மறைவது வியப்பன்றோ! ‘கால்’ எது, ‘பால்’ எது என அவர் எங்ஙனம் அறிவார்? இதனை அறியாது, கிழவர் கவனமின்றி விடையிறுக்கிறார் என்று வீட்டார் சினக்கின்றனர். உரக்கக் கத்துகின்றனர். கத்துங்கால் வளர்வது உயிரோசையே; மெய்யோசை அவ்வளவு வளர்வதில்லை. அருகமர்ந்து, முகம் பார்த்து, நிறுத்திச் சொன்னால் உதட்டசைவு கண்டு பெரிதும் விளங்கிக்கொள்கிறார்.

இளமையிற் கேட்ட பெரட்டுத் தப்பைப் பற்றிப் பேசுவதில் அவருக்கு இன்றும் விருப்பம். தப்பின் ஓசை தாழ்ந்தது. கோயில் திருவிழாவில் அடிக்கும்போது ஒன்றும் குறையாமற் கேட்கிறதாம். லயத்து வாசலிற் பேத்தி “தாத்தா” என்றழைத்தால் மட்டும், தகரங்கள் உதிர்ந்து, “ஆ… ஆ” என்று யாரோ தொலைவிற் கூவுவதுபோல இருக்கிறதாம்.