உஷார்! தீபாவளிச் சீட்டு அட்டை வாசலுக்கு வருகிறது

பட்டாசுக் குப்பையைக் கூட்டி அள்ளுவதற்குள் அடுத்த வருடத்துச் சீட்டு அட்டை வந்துவிடும். மாதம் ஐந்நூறோ ஆயிரமோ, பன்னிரண்டு கட்டம். கட்டி முடித்தால் தங்கக் காசு, வெள்ளிக் கொலுசு, எவர்சில்வர் அண்டா, மளிகைச் சாமான், ஸ்வீட், பட்டாசு. அட்டையை நீட்டுவது யாரோ இல்லை, பக்கத்துத் தெரு அக்காதான். அதனால்தான் கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: உஷார்!

இதில் ஏமாறுகிறவர்கள் ஊதாரிகள் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். ஷேர் ஆட்டோவில் ஏறாமல் நடந்தும், கடை டீயை நிறுத்தியும், கேஸ் சிலிண்டரைப் பத்து நாள் கூடுதலாக இழுத்தும் மிச்சம் பிடித்தவர்கள். வயதான காலத்தில் யாரிடமும் கையேந்தக் கூடாது என்று கணக்குப் போட்டு வாழ்கிறவர்கள். எப்படிச் சேமிப்பது என்று சொல்லித்தர நாட்டில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சேமித்ததை யார் கையில் கொடுப்பது என்ற இடத்தில்தான் கோட்டை விடுகிறோம்.

அட்டையின் பின்பக்கம் போட்டிருக்கும் சாமான்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் கடை விலையைப் போட்டுக் கூட்டுங்கள். நீங்கள் கட்டுவதைவிடத் தொகை கணிசமாக அதிகம் வந்தால், அந்த அதிகப்படி எங்கிருந்து வருகிறது? மொத்தமாக வாங்குவதால் மலிவு என்பார்கள். துவரம் பருப்புக்கு அது ஓரளவு சரி. தங்கத்தை யார் பாதி விலைக்குத் தருகிறார்கள்? போதாததற்கு ஏஜென்ட் கமிஷன் வேறு. புதிதாகச் சேர்பவர் பணத்தை எடுத்துப் பழையவருக்குக் காசும் கொலுசும் கொடுத்தால்தான் இந்தக் கணக்கு நேராகும். முதல் ஒன்றிரண்டு வருடம் சொன்னபடி கொடுத்துவிடுவார்கள். அதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டுமா? திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு வட்டாரத்தில் தீபாவளிச் சீட்டு நடத்தியவர்கள் கைவிரித்தபோது, அட்டையும் கையுமாகத் தெருவில் நின்றவர்களில் பலர் கூலி வேலைக்காரர்கள். 2022-இல் வெடித்த ஆருத்ரா நிதி நிறுவன மோசடி விவகாரம் இதன் பெரிய அண்ணன்: மாதத்துக்கே 25 முதல் 30 சதவீதம் வரை வட்டி என்ற ஆசை காட்டல். ஏறக்குறைய ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூல் என்பது போலீஸ் கணக்கு.

ஏலச் சீட்டு வேறு சமாசாரம். 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி ஒவ்வொரு சீட்டுக்கும் பதிவாளரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும்; சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையம் கட்ட வேண்டும்; நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அனுமதி எண் என்ன என்று கேளுங்கள். "நம்பிக்கை இல்லையா?" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம். தீபாவளிச் சீட்டில் பெரும்பாலும் ஏலமும் இல்லை, பதிவும் இல்லை. ஒழுங்குமுறைக்கு உட்படாமல் டெபாசிட் வாங்குவதை 2019-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது.

நகைக் கடைச் சீட்டு சட்டத்துக்கு உட்பட்டு நடக்க முடியும். பதினொரு மாதத்தில் ஏன் முடிக்கிறார்கள் தெரியுமா? பொருளுக்கென்று வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்கு மேல் ஒரு கம்பெனி வைத்திருந்தால், 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி அது டெபாசிட் ஆகிவிடும். மாதம் 2,000 வீதம் பதினொரு மாதம் கட்டி, பன்னிரண்டாவது தவணையைக் கடையே போட்டால் அது ஆண்டுக்கு ஏறக்குறைய 18 சதவீத வட்டிக்குச் சமம். இவ்வளவு தாராளமா என்று மயங்க வேண்டாம்; சேதாரத்திலும் செய்கூலியிலும் அதைத் திரும்ப எடுக்கக் கடைக்கு வழி இருக்கிறது. கடை இழுத்து மூடப்பட்டால், வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை இருக்கிற காப்பீடு இங்கே கிடையாது.

வங்கியிலோ தபால் ஆபீசிலோ ஆர்.டி. எனும் தொடர் வைப்புக் கணக்குப் போடுங்கள். தபால் ஆபீசில் மாதம் 100 ரூபாயில் தொடங்கலாம். ஐந்து வருடக் கணக்கு, அரசு உத்தரவாதம். பணத்தை வீட்டுக்கே வந்து வாங்கிப்போக அங்கீகாரம் பெற்ற மகளிர் முகவர்களும் உண்டு. தீபாவளிக்கே பணம் வேண்டுமென்றால் வங்கியில் ஒரு வருட ஆர்.டி. போதும். அண்டா கிடைக்காது. அண்டாவை நீங்களே வாங்கிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே அட்டை நிரப்பிக்கொண்டிருப்பவர்களுக்கு: கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் முத்திரையோடு ரசீது கேளுங்கள். அட்டையைப் படம் எடுத்து வையுங்கள். செட்டில்மென்ட் என்று யார் கேட்டாலும் அசல் அட்டையைக் கொடுக்காதீர்கள். "புகார் கொடுத்தால் பணம் வராது" என்ற மிரட்டலுக்குப் பயந்து காத்திருப்பவர்களால்தான் நடத்துகிறவர் தலைமறைவாக அவகாசம் கிடைக்கிறது. பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்தால், 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி சொத்தை முடக்கி, ஏலம் விட்டுப் பங்கிட வழி உண்டு. அதற்கு வருடக்கணக்கில் ஆகும், முழுப் பணம் வருமென்ற உறுதியும் இல்லை. ஆகவே ரசீது தரத் தயங்கினால், அந்த அக்காவிடம் முகம் சுளிக்காமல் சொல்லிவிட்டு, அடுத்த தவணையைக் கட்டாதீர்கள்.