கணக்குப் பதிவு அசையாமல் நின்றால்: தரவுத்தளப் பூட்டை விடுவிப்பது எப்படி?

மாத முடிவில் சம்பளப் பதிவு நடக்கும்போது கணினித் திரை திடீரென நின்றுவிடுகிறது. சம்பளமோ அன்றே போக வேண்டும். உடனே ஒருவர், "சேர்வரை நிப்பாட்டிப் போட்டுத் திரும்பப் போடுங்கோ" என்பார். கடையும் நிறுவனமும் நடத்தும் எம்மவர்களுக்கு இது பழக்கமான காட்சி. அவசரப்படாதீர்கள். இது பெரும்பாலும் பழுதல்ல, பூட்டு.

பூட்டு எதற்கு? ஒரு கணக்கின் மீதி 5,000 என்று வையுங்கள். ஒருவர் அதில் 1,000 சேர்க்கிறார். அதே கணத்தில் மற்றவர் 500 கழிக்கிறார். இருவரும் 5,000 என்பதையே வாசித்துவிட்டு எழுதினால், கடைசியில் 6,000 அல்லது 4,500 நிற்கும். சரியான மீதி 5,500. அதனால் ஒருவர் எழுதி முடிக்கும்வரை அந்த நிரையைத் தரவுத்தளம் பூட்டி வைக்கிறது. பழைய பேரேட்டில் ஒருவர் எழுதும்போது மற்றவர் காத்திருந்ததைப் போலத்தான்.

சிக்கல், எழுதியவர் முடிக்காமல் விடும்போது வருகிறது. பதிவைத் தொடங்கியவர் "கொமிற்" செய்யாமல் சாப்பிடப் போயிருக்கலாம். அல்லது தேடும் நிரலுக்குச் சுட்டி இல்லாததால், ஒரு நிரையைத் திருத்த வந்த கட்டளை வழியில் பார்த்த எல்லா நிரைகளையும் பூட்டியிருக்கலாம். அப்போது அட்டவணை முழுவதுமே பூட்டப்பட்டது போலாகிவிடும்.

சிறு நிறுவனங்கள் பலவற்றில் உள்ள மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். "ஷோ புரோசஸ்லிஸ்ட்" என்ற கட்டளை இணைந்திருப்போர் அனைவரையும் காட்டும். நெடுநேரமாக ஓடுவதாகத் தெரிபவரைக் குற்றவாளி என்று எண்ண வேண்டாம். அவர் பெரும்பாலும் காத்திருப்பவர். பூட்டை வைத்திருப்பவர் "ஸ்லீப்" என்று அமைதியாக இருக்கக்கூடும். யார் யாரை மறிக்கிறார் என்பதை "சிஸ்" தொகுப்பிலுள்ள "இன்னோடிபி லொக் வெயிற்ஸ்" என்ற பார்வை நேராகவே சொல்லும்.

ஆளைக் கண்டுபிடித்தால் முதலில் அவரிடம் கேளுங்கள். அவர் பதிவை முடித்தாலே பூட்டு விடுபடும். ஆள் இல்லாவிட்டால், அந்த ஓர் இணைப்பை மட்டும் "கில்" கட்டளையால் துண்டியுங்கள். அவர் முடிக்காத பதிவு முழுதாகப் பின்வாங்கப்படும். பதிவு பெரிதென்றால் இதற்கு நேரமெடுக்கும், பொறுத்திருங்கள். இடையில் சேர்வரை நிறுத்தினால், மீண்டும் எழும்பியதும் விட்ட இடத்திலிருந்து அந்த வேலையே தொடரும். அத்தோடு மற்றவர்களின் முடியாத பதிவுகளும் போய்விடும்.

இனிக் கணக்காளர் கவனிக்க வேண்டியது. காத்திருப்பவருக்கு வழமையாக 50 வினாடிகளில் 1205 என்ற பிழை வரும். அப்போது கடைசிக் கட்டளை மட்டுமே இரத்தாகிறது. அதற்கு முந்தியவை அப்படியே நிற்கும். மென்பொருள் பிழையைக் கவனியாமல் "கொமிற்" செய்தால், வரவு பதியப்பட்டு செலவு பதியப்படாமல் போகலாம். இருவர் ஒருவரை ஒருவர் மறித்து நிற்கும்போது வரும் 1213 பிழை வேறு. அதில் ஒருவரின் முழுப் பதிவும் பின்வாங்கப்படும்.

எனவே பூட்டு விடுபட்டதும் பரீட்சை மீதியை எடுத்துப் பாருங்கள். பாதிப் பதிவு அங்கே தெரியவரும். ஆனால் முழுதாகப் பின்வாங்கப்பட்ட பதிவு தெரியாது, ஏனெனில் இரு பக்கமும் சேர்ந்தே மறைந்திருக்கும். அதைப் பிடிக்கச் சம்பளப் பட்டியலையும் வங்கிக்கு அனுப்பிய கோப்பையும் பேரேட்டோடு ஒப்பிட வேண்டும். அதைச் செய்யாமல் மறுபடி பதிந்தால் ஒருவருக்கு இரண்டு சம்பளம் போகலாம். இன்னொருவருக்கு ஒன்றுமே போகாமலும் இருக்கலாம்.

மீண்டும் நேராதிருக்க மூன்று காரியங்கள். பதிவுகளைச் சிறு பகுதிகளாக்கி உடனுக்குடன் முடியுங்கள். எல்லோரும் அட்டவணைகளை ஒரே ஒழுங்கில் திருத்தும்படி மென்பொருளை அமைக்கச் சொல்லுங்கள். அட்டவணையின் அமைப்பை மாற்றும் வேலையைச் சம்பள நாளில் வைக்காதீர்கள்.