விற்காமல் நின்ற விளையாட்டுப் பெட்டி

நிண்டெண்டோவின் 'வீ' வீடியோ கேம் சாதனம் 10 கோடிக்கும் மேல் விற்றது. 2012 நவம்பரில் வந்த 'வீ யூ' சுமார் 1 கோடியே 35 லட்சத்தோடு நின்றுவிட்டது. ஏன்?

முதலில் பெயர். பழைய சாதனத்துக்கான துணைக்கருவி என்றே பலர் நினைத்தார்கள். அடுத்து, திரை பொருத்திய கைக்கருவி. பேட்டரி 3 முதல் 5 மணி நேரமே தாங்கியது; பெட்டியை விட்டுத் தூரம் போனால் வேலை செய்யாது. விற்பனை குறையவே, வெளி நிறுவனங்களும் விளையாட்டுகள் தயாரிப்பதைக் குறைத்தன. விளையாட்டு இல்லாத பெட்டியை யார் வாங்குவார்?

2017 மார்ச்சில் வந்த 'ஸ்விட்ச்', திரையை வெளியே எடுத்துச் செல்ல வழி செய்தது. 10 கோடியைத் தாண்டியது.

பெற்றோரே, பிள்ளைகளுக்கு வாங்கும்முன் பெட்டியை மட்டும் பார்க்காதீர்கள். அதற்கு என்னென்ன விளையாட்டுகள் உண்டு என்றும் விசாரியுங்கள்.