லியோன்: ஜக்கார்டு பிறந்த ஊரில் ஒரு நாள்

இன்டர்ன்ஷிப்புக்காக பிரான்ஸ் போறவங்க முதல் லீவிலேயே பாரிஸுக்கு ரயில் ஏறிடுவாங்க. ஈஃபில் டவர் முன்னாடி ஒரு செல்ஃபி, கதை முடிஞ்சது. தப்பில்லை. ஆனா தெள்ளார், ஆரணி, தேவிகாபுரம் பக்கம் தறிச் சத்தத்தில் வளர்ந்தவங்க பார்க்க வேண்டிய ஊர் லியோன்தான். நான் இருந்த கிரனோபிளில் இருந்து ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். ஒரு சனிக்கிழமை போதும்.

ரோன், சோன் என்று இரண்டு ஆறுகள் கூடும் ஊர். இரண்டு குன்றுகள். ஃபூர்வியேரை 'கும்பிடுற குன்று' என்பார்கள், உச்சியில் பெரிய தேவாலயம். குருவா-ரூஸ் 'உழைக்கிற குன்று'. நாம ஏற வேண்டியது இரண்டாவது. மெட்ரோ 'சி' லைன் அந்தச் சரிவில் பல்சக்கரத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஏறுது. மெக்கானிக்கல்காரங்க முன்னாடி பெட்டியில் நில்லுங்க.

மேலே போனதும் கடைகளை விட்டுட்டு வீடுகளை அண்ணாந்து பாருங்க. ஒவ்வொரு மாடியும் கிட்டத்தட்ட 4 மீட்டர் உயரம், ஆள் உயரத்துக்கு மேலே ஜன்னல். பணக்காரங்க வீடுன்னு தோணும். இல்லை, 19ஆம் நூற்றாண்டில் நெசவாளிகளுக்காகக் கட்டியது. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி உட்காரணும், பட்டு நூலைப் பார்க்க வெளிச்சம் வேணும். நம்ம ஊரில் ஆள் குழிக்குள்ளே இறங்கினார். அவங்க கூரையையே தூக்கிட்டாங்க.

ஜோசப் மாரி ஜக்கார்டு 1752இல் இந்த ஊரில் பிறந்தவர். குன்றின் மேல் உள்ள சதுக்கத்தில் சிலை இருக்கு. பக்கத்துத் தெருவில் 'மெஸோன் தே கனூ' என்ற சின்ன மியூசியம் ('கனூ' என்றால் லியோன் பட்டு நெசவாளி). அங்கே கைத்தறியை ஓட்டிக் காட்டுகிறார்கள். ஜக்கார்டுக்கு முன்னால் டிசைன் போட, தறிப் பக்கத்தில் ஒரு சிறுவன் நின்று கயிறுகளை இழுத்துக்கொண்டே இருக்கணும். அந்த வேலையை 1804இல் அட்டை எடுத்துக்கொண்டது. ஒரு அட்டை, ஒரு ஊடை. ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே போகும், கொக்கி பாவு நூலைத் தூக்கும். ஓட்டை இல்லையென்றால் ஊசி பின்னுக்குத் தள்ளப்படும், கொக்கி விலகும், நூல் கீழேயே நிற்கும். ஒன்று, பூஜ்யம். அட்டை யோசனை அவருக்கு முன்பே லியோனில் புஷோன், ஃபால்கோன் என்ற இருவரிடம் இருந்தது. அதைத் தினமும் ஓடுற மெஷினாக்கியது ஜக்கார்டு. அவருடைய உருவத்தையே 1839இல் சுமார் 24,000 அட்டைகளை வைத்துப் பட்டில் நெய்தார்கள். அதில் ஒரு பிரதியை சார்லஸ் பாபேஜ் வாங்கி வைத்திருந்தார். மிச்சக் கதை சிஎஸ் டிபார்ட்மென்ட்டுக்குத் தெரியும்.

எனக்கு அட்டையைவிடக் கூலிக் கதைதான் மனசில் நின்னுச்சு. தறி நெசவாளியுடையது, வீடும் தறியும் ஒரே அறை. நூல் வியாபாரி கொடுப்பார், நெய்து கொடுத்தால் கூலி. இதை ஆரணியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. விலை இறங்கினால் முதலில் இறங்குவது கூலி. 1831 அக்டோபரில் நெசவாளிகள் பேசி ஒரு குறைந்தபட்சக் கூலிப் பட்டியல் வாங்கினார்கள். பல வியாபாரிகள் கொடுக்க மாட்டோம் என்றார்கள். நவம்பர் 21 அன்று குன்றிலிருந்து இறங்கினார்கள்; இரண்டே நாளில் நகரம் அவர்கள் கையில். டிசம்பரில் ராணுவம் வந்தது, பட்டியல் ரத்து. 1834இல் மறுபடி எழுந்தார்கள், அது இன்னும் ரத்தக்களரி. மெஷினை எதிர்த்த கலவரம் என்று இதைச் சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. சண்டை கூலிக்கு.

அவங்க இறங்கின சரிவில் நீங்களும் இறங்கலாம், 'த்ராபூல்' வழியாக. ஒரு தெருவில் கதவைத் திறந்து, கட்டடத்துக்குள்ளேயே நடந்து, முற்றம் தாண்டி அடுத்த தெருவில் வெளியே வரும் சந்து. துணி மழையில் நனையாமல் கொண்டுபோக உதவியது. இரண்டாம் உலகப் போரில் நாஜிகளை எதிர்த்தவர்கள் ஒளிந்து ஓடவும். 'கூர் தே வொராஸ்' என்ற முற்றத்தின் ஆறு மாடிப் படிக்கட்டைத் தவறவிடாதீங்க. மேலே குடும்பங்கள் இருக்காங்க, ரீல்ஸ் எடுக்கிற சத்தம் வேண்டாம்.

சாப்பாட்டுக்கு 'செர்வெல் த கனூ' கேளுங்க. பெயருக்கு அர்த்தம் 'நெசவாளி மூளை'! பயப்படாதீங்க, பூண்டும் கீரைத்தாளும் அடிச்சுக் கலந்த பால்கட்டிதான், சைவம். பெயர் வைத்தவருக்கு நெசவாளிமேல் என்ன கோபமோ.

சாயங்காலம் இழுவை ரயிலில் ஃபூர்வியேருக்குப் போங்க. எதிரே உழைக்கிற குன்று முழுசா தெரியும், அந்த நெட்டை ஜன்னல்களோடு. தறிகள் போயிடுச்சு, கையால் நெய்கிற ஓரிரு பட்டறைகள் மட்டும் அரண்மனைத் திரைச்சீலைகளுக்காக மிச்சம். வீடுகளுக்கு மட்டும் இப்போ ஊரிலேயே நல்ல கிராக்கி. கூரை உயரமா இருக்கே, ஜக்கார்டு இருந்த இடத்தில் மரத்தளம் போட்டு, மேலே கட்டில் போட்டுக்கிறாங்க.